ஒளியுமிழ் இருமுனைய விளக்கு உறுப்புகளின் சோதனை

ஒளியுமிழ் இருமுனைய விளக்கு உறுப்புகளின் சோதனை என்பது, ஒரு விளக்கைப் பூட்டி முடிப்பதற்கு முன்னர் அதன் ஒளிதரும் சில்லுகளையும் அவற்றுக்கு மின்னோட்டம் வழங்கும் இயக்கியையும் தனித்தனியே ஆய்ந்து, அவை பழுதற்றவை, ஒன்றுக்கொன்று பொருந்துவன, தொடுவோருக்குத் தீங்கு விளைவிக்காதவை என உறுதிசெய்யும் முறையாகும். ஒளியுமிழ் இருமுனையம் பேச்சு வழக்கில் எல்.ஈ.டி. என்றும், இயக்கி டிரைவர் என்றும், சில்லு சிப் என்றும் வழங்கப்படுகின்றன.

சில்லும் இயக்கியும் இன்று கடைத்தெருவில் தனித்தனியே, குறைந்த விலையில் கிடைக்கின்றன. எனவே பழுதான விளக்கைத் திருத்துவதும் புதிய விளக்கைச் செய்வதும் மாணவர்களுக்கும் சிறு கடைக்காரர்களுக்கும் எட்டும் தொழிலாகிவிட்டன. ஆயினும் இவ்வுறுப்புகளில் ஒரு பகுதி 3 வோல்ட்டில் இயங்குவது. மற்றொரு பகுதி 230 வோல்ட்டு வீட்டு மின்சாரத்துடன் நேரடித் தொடர்பு உடையது. இரண்டும் ஒரே தட்டில் அருகருகே இருப்பதே இத்துறையின் பேரிடராகும். இக்கட்டுரை பொதுவான சோதனை முறைகளையும், கடலூர், சிதம்பரம் போன்ற கடலோர ஊர்களில் கூடுதலாகக் கவனிக்க வேண்டியவற்றையும் விளக்குகின்றது.

பின்னணி

கண்ணுக்குப் புலனாகும் சிவப்பு ஒளியைத் தரும் இருமுனையத்தை 1962 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நிக் ஹோலோனியாக் உருவாக்கினார். நீல ஒளிதரும் திறன்மிக்க இருமுனையம் அமைந்த பின்னரே வெள்ளை விளக்கு கைகூடியது. அதற்காக இசாமு அகாசாகி, இரோசி அமானோ, சுச்சி நாகமுரா ஆகியோருக்கு 2014 ஆம் ஆண்டின் இயற்பியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. வெள்ளை விளக்கில் இருப்பதும் நீலச் சில்லே. அதன் மீதுள்ள மஞ்சள் நிற ஒளிர்பொருள் நீல ஒளியின் ஒரு பகுதியை மஞ்சளாக மாற்ற, இரண்டும் கலந்து கண்ணுக்கு வெண்மையாகத் தோன்றுகின்றன. அணைந்த நிலையில் சில்லு மஞ்சளாகக் காணப்படுவது இதனாலேயே ஆகும். அது பழுதின் அறிகுறி அன்று.

மின்னழுத்தமும் மின்னோட்டமும்

குண்டு விளக்கின் இழை ஒரு மின்தடை. மின்னழுத்தம் சற்றுக் கூடினால் மின்னோட்டமும் சற்றே கூடும். இருமுனையம் அவ்வாறு நடந்துகொள்வதில்லை. வெள்ளைச் சில்லு ஒன்று ஏறத்தாழ 2.6 வோல்ட்டு வரை எதையும் கடத்தாதது போல் இருக்கும். 2.8 முதல் 3.4 வோல்ட்டு வரையிலான சிறு இடைவெளிக்குள் அதன் மின்னோட்டம் பன்மடங்காகப் பெருகிவிடும். சிவப்புச் சில்லுக்கு இவ்வெல்லை 1.8 முதல் 2.2 வோல்ட்டு ஆகும். மேலும், சில்லு சூடாகச் சூடாக, ஒரே மின்னோட்டத்துக்குத் தேவைப்படும் மின்னழுத்தம் ஒவ்வொரு பாகை செல்சியசுக்கும் சில மில்லிவோல்ட்டு குறைந்துகொண்டே வரும். ஆகவே மாறாத மின்னழுத்தத்தை நேரடியாக அளித்தால், சூடு மின்னோட்டத்தைக் கூட்டும். கூடிய மின்னோட்டம் மேலும் சூட்டைத் தரும். இறுதியில் சில்லு கருகும்.

இக்காரணத்தால் சில்லுக்கு மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்துவதைக் காட்டிலும் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துவதே முறை. ஒரு மின்தடையைத் தொடரில் இணைப்பது எளிய வழி. மாறா மின்னோட்ட இயக்கியைப் பயன்படுத்துவது முழுமையான வழி. "3 வோல்ட்டு சில்லுதானே, இரண்டு பேட்டரி போட்டால் போதாதா?" என்று கேட்கும் மாணவருக்கு விடை இதுவே. சிறிய பேட்டரியின் உள்மின்தடை தற்செயலாக அச்சில்லைக் காப்பாற்றிவிடுகிறது; அவ்விடத்தில் ஒரு கார் பேட்டரியையோ ஆற்றல்மிக்க மின்வழங்கியையோ வைத்தால் காப்பாற்றுவார் எவரும் இலர்.

சில்லைச் சோதித்தல்

முதலில் சில்லின் வகையை அறிதல் வேண்டும். ஒரே அளவுடைய மஞ்சள் சதுரச் சில்லுகள் எல்லாம் 3 வோல்ட்டு அல்ல. இந்தியக் கடைகளில் விற்கும் 9 வாட்டு குமிழ் விளக்குகளின் தட்டுகளில், ஒரே உறைக்குள் இரண்டு, மூன்று அல்லது ஆறு படிகங்கள் தொடராக அமைந்த 6, 9, 18 வோல்ட்டு சில்லுகளே மிகுதி. மல்டிமீட்டரின் இருமுனையச் சோதனை நிலை பெரும்பாலும் 3 வோல்ட்டுக்கு உட்பட்ட மின்னழுத்தத்தையே தரும். அதனால் 3 வோல்ட்டு வெள்ளைச் சில்லு மங்கலாக மின்னலாம், மின்னாமலும் போகலாம். 9 வோல்ட்டு சில்லு ஒருபோதும் மின்னாது. நல்ல சில்லுகள் பல இந்த ஒரே சோதனையில் தோற்றுக் குப்பைக்குப் போகின்றன.

நம்பத்தக்க எளிய கருவி ஒன்றை எவரும் செய்துகொள்ளலாம். 9 வோல்ட்டு பேட்டரியுடன் 1,000 ஓம் மின்தடை ஒன்றைத் தொடரில் இணைத்து, இரு முனைகளிலும் ஊசிகளைப் பொருத்த வேண்டும். 3 வோல்ட்டு சில்லில் இது (9 − 3) ÷ 1,000, அதாவது 6 மில்லி ஆம்பியரை மட்டுமே செலுத்தும். சில்லு நன்றாக ஒளிரும். தவறான திசையில் வைத்தாலும் மின்னோட்டம் மிகாது. பல சில்லுகள் தாங்கும் எதிர்த்திசை மின்னழுத்தம் 5 வோல்ட்டு மட்டுமே என்பதால், எதிர்த்திசையில் நெடுநேரம் வைத்திருத்தல் ஆகாது. 9 வோல்ட்டு சில்லுக்கு 12 வோல்ட்டும், 18 வோல்ட்டு சில்லுக்கு 24 வோல்ட்டும் அதே மின்தடையுடன் பயன்படும்.

தட்டில் பற்றவைக்கப்பட்ட சில்லுகளை ஒவ்வொன்றாக இவ்வூசிகளால் தொட்டால், ஒளிராதது எது என உடனே தெரியும். அதன் நடுவில் ஊசிமுனை அளவில் ஒரு கரும்புள்ளி பெரும்பாலும் காணப்படும். இச்சோதனையின்போது விளக்கு வீட்டு மின்சாரத்தில் இணைந்திருத்தல் கூடாது. சுவிட்சை அணைத்தல் போதாது. நம் நாட்டில் பரவலாக உள்ள ஊசிப் பிடிப்பு ஹோல்டரில் எந்த முனையில் பேஸ் வரும் என்ற நியதி இல்லை. பழைய வீடுகளில் சுவிட்சே தவறுதலாக நியூட்ரல் கம்பியில் இடப்பட்டிருப்பதும் உண்டு. அவ்வாறாயின் அணைந்த விளக்கின் தட்டு முழுவதும் 230 வோல்ட்டில் நிற்கும். விளக்கை ஹோல்டரிலிருந்து கழற்றி மேசைக்குக் கொண்டுவருவதே சரி.

ஒரே தட்டில் பல படிகங்களை நெருக்கிப் பதித்த பெரிய சில்லுகளுக்கு (10 முதல் 100 வாட்டு வரை) வேறு இரண்டு எச்சரிக்கைகள் உள. உட்கொள்ளும் ஆற்றலில் பாதியோ அதற்கு மேலோ வெப்பமாகிவிடுவதால், வெப்பத்தை வாங்கும் அலுமினியத் துண்டில் பொருத்தாமல் முழு மின்னோட்டத்தைச் செலுத்தினால் சில நொடிகளிலேயே சில்லு கெடும். வெறுஞ்சில்லை அதன் அளவீட்டு மின்னோட்டத்தில் இருபதில் ஒரு பங்கு முதல் பத்தில் ஒரு பங்கு வரையிலேயே சோதித்தல் நன்று. அடுத்தது கண். வெள்ளை ஒளிக்குள் இருக்கும் நீலக் கூறு விழித்திரையில் குவிந்து தீங்கு செய்யக்கூடும். சில்லை நேரே உற்றுநோக்காமல், ஒரு வெள்ளைத் தாளின் மீது விழும் ஒளியைப் பார்த்தாலே பழுது தெரிந்துவிடும்.

தட்டின் காப்பு

சில்லுகள் பதிக்கப்பட்டுள்ள அலுமினியத் தட்டில், செப்புத் தடத்துக்கும் அலுமினியத்துக்கும் நடுவே இருப்பது ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர் தடிமனுள்ள காப்புப் படலம் மட்டுமே. தட்டைத் துளையிடும்போது எழும் பிசிறு, இறுக்கமாக முடுக்கிய திருகின் தலை, அதிகமாகச் சூடேற்றிய பற்றவைப்புக் கோல் ஆகிய எதனாலும் இப்படலம் கிழியலாம். கிழிந்தால் விளக்கு எரிவதில் எந்த மாற்றமும் தெரியாது. ஆனால் விளக்கின் உலோக உடல் மின்னேற்றம் பெற்றுவிடும். எரிகிறதா என்று மட்டும் பார்க்கும் சோதனை இப்பழுதைக் கண்டறியாது.

இதற்கு 500 வோல்ட்டு காப்புத்தடை அளவி (மெகர்) தேவை. தட்டின் நேர்முனையையும் எதிர்முனையையும் ஒரு கம்பியால் ஒன்றாக இணைத்துவிட்டு, அவ்விணைப்புக்கும் அலுமினியத்துக்கும் இடையே அளக்க வேண்டும். இரு முனைகளையும் இணைக்க மறந்தால் அளவியின் மின்னழுத்தம் சில்லுகளின் குறுக்கே விழுந்து அவற்றைக் கெடுக்கலாம். நல்ல தட்டு பல மெகா ஓம்களைக் காட்டும். சாதாரண மல்டிமீட்டரின் மின்தடை நிலை சில வோல்ட்டுகளையே பயன்படுத்துவதால், அது "திறந்த சுற்று" எனக் காட்டுவதை மட்டும் வைத்து 230 வோல்ட்டுக்குத் தட்டு தாங்கும் என முடிவு செய்தல் இயலாது.

இயக்கிகளின் வகைகள்

சோதனை மேசையில் அமரும்முன் விடை காண வேண்டிய முதல் கேள்வி, இயக்கியின் வெளியீடு வீட்டு மின்சாரத்திலிருந்து தனிமைப்படுத்தப்பட்டதா என்பதே. ஒரு சில்லு 3 வோல்ட்டு என்பதால் அதைத் தொடலாம் என்று எண்ணுதல் பிழை. சில்லின் இரு முனைகளுக்கு இடையே 3 வோல்ட்டு இருக்கலாம். அதே சில்லுக்கும் தரைக்கும் இடையே 300 வோல்ட்டும் இருக்கலாம். கொல்லும் வல்லமை இரண்டாவதற்கு உண்டு.

மிகப் பழைய, மிக மலிவான வகை மின்தேக்கி இயக்கி ஆகும். இதில் ஒரு மின்தேக்கி மின்னோட்டத்தை மட்டுப்படுத்துகின்றது. 1 மைக்ரோஃபாரடு மின்தேக்கி 230 வோல்ட்டு, 50 ஏர்ட்சில் ஏறத்தாழ 72 மில்லி ஆம்பியரைக் கடத்தும். இரவு விளக்குகளிலும் அலங்காரச் சர விளக்குகளிலும் இதனைக் காணலாம். தனிமைப்படுத்தல் சிறிதும் இல்லை.

அடுத்தது, இன்று குமிழ் விளக்குகளில் பெருகிவிட்ட ஒரே தட்டு இயக்கி. மின்திருத்தி, கட்டுப்பாட்டு நுண்சுற்று, சில்லுகள் யாவும் ஒரே அலுமினியத் தட்டில் அமைந்திருக்கும். கம்பிச்சுருளோ மின்மாற்றியோ இராது. இதிலும் தனிமைப்படுத்தல் இல்லை. இவ்வகை விளக்கில் கருகிய சில்லைத் தூக்கிவிட்டு அவ்விடத்தை ஈயத்தால் இணைத்துவிடும் வழக்கம் பழுதுபார்ப்போரிடையே பரவியுள்ளது. விளக்கு மீண்டும் எரியும். ஆனால் 18 வோல்ட்டு சில்லு ஒன்றை அகற்றினால் அந்த 18 வோல்ட்டும் கட்டுப்பாட்டு நுண்சுற்றின் மீது விழும். 30 மில்லி ஆம்பியரில் அது 0.54 வாட்டு கூடுதல் வெப்பம். நகக்கண் அளவுள்ள நுண்சுற்றுக்கு இது சிறிதன்று. இரண்டு, மூன்று சில்லுகளை இவ்வாறு இணைத்த விளக்கை ஞெகிழி உறைக்குள் மூடி, ஓலைக் கூரையின் கீழ் மாட்டுவதைத் தவிர்க்க வேண்டும்.

மூன்றாவது வகை, இருமுனைக் கம்பிச்சுருள் ஒன்றைக் கொண்ட நிலைமாற்று இயக்கி. திறன் மிக்கது, மின்னோட்டத்தைச் சீராகக் காப்பது, ஆயினும் தனிமைப்படுத்தப்படாதது. நான்காவதே உண்மையான மின்மாற்றியைக் கொண்ட, தனிமைப்படுத்தப்பட்ட இயக்கி. பார்த்தே ஓரளவு வேறுபடுத்தலாம். மஞ்சள் நாடா சுற்றிய, நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட கால்களையுடைய மின்மாற்றி இருக்கும். பலகையின் அடியில் உள்ளீட்டுப் பகுதிக்கும் வெளியீட்டுப் பகுதிக்கும் இடையே செப்பு இல்லாத அகன்ற வெற்றிடம் ஒன்று ஓடும். அவ்வெற்றிடத்தைத் தாண்டுவன மின்மாற்றியும், நீல நிற வட்ட மின்தேக்கி ஒன்றும், சிலவற்றில் ஒளியிணைப்பியும் மட்டுமே. முடிவான விடையை மெகரே தரும். உள்ளீட்டுக் கம்பிகள் இரண்டையும் ஒன்றாகவும், வெளியீட்டுக் கம்பிகள் இரண்டையும் ஒன்றாகவும் முறுக்கி, இரண்டு கற்றைகளுக்கும் இடையே 500 வோல்ட்டில் அளக்க வேண்டும்.

தனிமைப்படுத்தப்பட்ட இயக்கியின் வெளியீட்டைத் தொட்டால் நியான் டெஸ்டர் மங்கலாக எரிவதுண்டு. மேற்கூறிய வட்ட மின்தேக்கியின் வழியே கசியும் மின்னோட்டம் அதற்குக் காரணம். 2.2 நானோஃபாரடு மின்தேக்கி எனில் இக்கசிவு ஏறத்தாழ 0.16 மில்லி ஆம்பியரே. ஆகவே டெஸ்டரின் ஒளி ஒன்றை மட்டும் வைத்து இயக்கி கெட்டது என்றோ, அது எரியாமையை வைத்துத் தொடலாம் என்றோ முடிவு செய்யக் கூடாது.

இயக்கியைச் சோதித்தல்

மின்னிணைப்பு கொடுப்பதற்கு முன் கண்ணால் பார்த்தலே பாதிச் சோதனை. உருகியோ உருகித் தடையோ உள்ளதா, மின்தேக்கியின் தலை புடைத்துள்ளதா, ஈயத் துளிகள் தடங்களை இணைத்துள்ளனவா எனப் பார்க்க வேண்டும். பின்னர் இயக்கியின் மேல் அச்சிட்டுள்ள மின்னோட்டமும் மின்னழுத்த எல்லையும் சில்லுகளுக்குப் பொருந்துகின்றனவா எனக் கணக்கிட வேண்டும். எடுத்துக்காட்டாக, 3.2 வோல்ட்டு, 1 வாட்டு சில்லுகள் பத்தைத் தொடரில் இணைத்தால் 32 வோல்ட்டு ஆகும். 300 மில்லி ஆம்பியர், 24 முதல் 42 வோல்ட்டு எனக் குறித்த இயக்கி இதற்குப் பொருந்தும். அதே இயக்கியில் ஐந்து சில்லுகளை மட்டும் இணைத்தால் 16 வோல்ட்டு. இயக்கி தன் எல்லைக்குக் கீழே தடுமாறி, விளக்கு மினுக்கும்.

முதல் மின்னிணைப்பைத் தொடர் விளக்கின் வழியே கொடுத்தல் மின்பணியாளர்களின் பழைய, சிறந்த வழக்கம். சீரியல் போர்டு எனப்படும் இதில், சோதிக்கப்படும் பொருளுக்குத் தொடராக ஒரு 60 வாட்டு குண்டு விளக்கு இருக்கும். இயக்கியின் உள்ளே குறுக்குச்சுற்று இருந்தால் குண்டு விளக்கு முழு ஒளியுடன் எரியும். மின்னோட்டம் கால் ஆம்பியர் அளவிலேயே நின்றுவிடும். இயக்கி வெடிக்காது, உருகியும் போகாது. நல்ல 10 வாட்டு இயக்கி எனில் குண்டு விளக்கு ஒரு கணம் மின்னி, உடனே மங்கிவிடும். அந்த ஒரு கண மின்னல் உள்ளிருக்கும் மின்தேக்கி நிரம்புவதைக் காட்டுகின்றது. பெரிய இயக்கிகளுக்கு 60 வாட்டு விளக்கு போதாமல் அவை விட்டுவிட்டு எரியலாம். அப்போது 100 அல்லது 200 வாட்டு விளக்கை மாற்ற வேண்டும். எல்.ஈ.டி. குமிழ் இதற்கு உதவாது. இழை விளக்குகள் கடைகளில் அருகி வருவதால், சோதனைக்கென ஒன்றிரண்டைப் பாதுகாத்து வைத்திருத்தல் நன்று.

தொடர் விளக்கு கருவியைக் காக்குமே அன்றி மனிதரைக் காக்காது. கால் ஆம்பியர் என்பது 250 மில்லி ஆம்பியர். உடலின் வழியே 30 மில்லி ஆம்பியரே உயிருக்கு ஊறு விளைவிக்கலாம். எனவே சோதனை மேசையின் இணைப்பு 30 மில்லி ஆம்பியர் கசிவுத் துண்டிப்பியின் வழியே வருதல் வேண்டும். உலர்ந்த ரப்பர் விரிப்பு, காலணி, அருகில் இன்னொருவர் இருத்தல் ஆகியவை அதற்கு அடுத்த காப்புகள். ஒன்றுக்கு ஒன்று மின்மாற்றியைப் பயன்படுத்துவோர் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும்: அதன் அப்பாலுள்ள பகுதியில் இரு கம்பிகளையும் ஒருங்கே தொட்டால் கசிவுத் துண்டிப்பி அதனை அறியாது.

சில்லுகளை இயக்கியுடன் முதலில் இணைத்து, அதன் பிறகே மின்சாரம் தருதல் வேண்டும். வரிசை மாறினால் கேடு. சுமையின்றி எரியும் மாறா மின்னோட்ட இயக்கி தன் மின்னழுத்தத்தை உச்சத்துக்கு உயர்த்தி, வெளியீட்டு மின்தேக்கியை அந்த அளவுக்கு நிரப்பி வைத்திருக்கும். அந்நிலையில் சில்லுகளைத் தொட்டால், சேமித்த மின்னேற்றம் முழுவதும் ஒரே வீச்சில் அவற்றின் வழியே பாயும். "புதுச் சில்லு, புது டிரைவர், இணைத்ததும் போய்விட்டது" எனும் முறையீடுகள் பலவற்றின் பின்னால் இருப்பது இதுவே.

மின்னோட்டத்தை அளக்க மல்டிமீட்டரைத் தொடரிலும், மின்னழுத்தத்தை அளக்க இணையாகவும், இரண்டையும் மின்சாரம் தருவதற்கு முன்பே கொக்கிகளால் பொருத்திவிட்டு, கையை விலக்கிக்கொண்ட பின் சுவிட்சைப் போட வேண்டும். மிக மலிவான மஞ்சள் நிற மல்டிமீட்டர்களின் 10 ஆம்பியர் துளையில் பெரும்பாலும் உருகி இருப்பதில்லை. கம்பியை அத்துளையிலேயே விட்டுவிட்டு வீட்டு மின்னழுத்தத்தை அளக்க முயன்றால் அது நேர்க் குறுக்குச்சுற்று. கருவி கையிலேயே வெடிக்கும். அளவீட்டுப் பாதுகாப்பு வகை அச்சிடப்பட்ட, உருகியுள்ள கருவியே 230 வோல்ட்டுப் பணிக்கு ஏற்றது.

மின்னோட்டம் குறித்த அளவுக்கு அருகில் இருந்தால், விளக்கை அரை மணி நேரம் எரியவிட்டுத் தட்டின் வெப்பநிலையைப் பார்க்க வேண்டும். 70 பாகை செல்சியசைத் தாண்டினால் பெரிய வெப்பந்தணிப்பான் தேவை. கோடையில் 40 பாகையைத் தொடும் ஊரில், குளிரூட்டிய ஆய்வகத்தில் பெற்ற அளவை அப்படியே நம்புதல் ஆகாது.

அணைத்த பின்னும் பணி முடிவதில்லை. 230 வோல்ட்டின் உச்சம் 325 வோல்ட்டு. உள்ளீட்டு மின்தேக்கி அவ்வளவையும் தேக்கி வைத்திருக்கும். 10 மைக்ரோஃபாரடு மின்தேக்கியில் அது ஏறத்தாழ அரை ஜூல். 10,000 ஓம், 5 வாட்டு மின்தடை ஒன்றின் இரு கால்களையும் காப்பிட்ட கம்பிகளால் நீட்டி, மின்தேக்கியின் முனைகளில் சில நொடிகள் வைத்தால் மின்னேற்றம் இறங்கிவிடும். பின்னர் மல்டிமீட்டரால் சரிபார்க்க வேண்டும். திருப்புளியால் குறுக்கிட்டுப் பொறி பறக்க வைப்பது சிலருக்குப் பெருமையாக இருப்பினும், மின்தேக்கிக்கும் கண்ணுக்கும் அது நல்லதன்று.

கடலூர், சிதம்பரம் பகுதியின் சூழல்

கடலூர் வங்கக் கடலின் கரையில், கெடிலமும் தென்பெண்ணையும் கடலில் கலக்கும் பகுதியில் அமைந்துள்ளது. சிதம்பரம் சற்று உள்ளே தள்ளியிருந்தாலும், கொள்ளிடத்துக்கும் பிச்சாவரத்தின் உப்பங்கழிகளுக்கும் அண்மையது. உப்புக் காற்றும் ஈரமும் இங்கு மின்கருவிகளின் நிலையான பகை. பலகையின் மேல் படியும் உப்பு காற்றிலுள்ள ஈரத்தை ஈர்த்து, மெல்லிய கடத்தும் படலமாக மாறுகின்றது. வெயில் நாளில் பல மெகா ஓம் காட்டிய இயக்கி, ஐப்பசி, கார்த்திகை மழையில் அதில் சிறு பங்கே காட்டலாம். எனவே வெளிப்புற விளக்கின் காப்புத்தடையைச் செய்த நாளில் ஒருமுறையும், மழைக்காலத்தில் மறுமுறையும் அளப்பது இப்பகுதியில் அவசியம் எனலாம். வியர்த்த கையின் மின்தடையும் உலர்ந்த கையினதைவிட மிகக் குறைவு. பொதுவாகத் தீங்கற்றதாகக் கருதப்படும் 60 வோல்ட்டுக்கு உட்பட்ட நேர்மின்னோட்டத்தைக்கூட ஈரக் கையால் தொடாமல் இருப்பதே முறை.

பலகைக்குக் காப்புப் பூச்சு இடுவதும், மூடியைச் சிலிக்கோன் பசையால் அடைப்பதும் நல்ல வழிகளே. ஆனால் காடி மணம் வீசும் மலிவான சிலிக்கோன் பசை காயும்போது அசிட்டிக் அமிலத்தை வெளிவிட்டுச் செம்பை அரிக்கும். கந்தகம் சேர்த்து இறுக்கிய ரப்பர் வளையங்கள், சில்லின் உள்ளிருக்கும் வெள்ளிப் பூச்சைக் கருக்கச் செய்து ஒளியைக் குறைக்கலாம். நடுநிலைச் சிலிக்கோன் பசையே ஏற்றது. பூச்சு இடுவதற்கு முன் சோதனைகளை முடித்துவிட வேண்டும். பூச்சின் மேல் ஊசி வைத்து அளக்க இயலாது.

புயல்கள் மற்றொரு சிக்கலைத் தருகின்றன. 2011 திசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது ஆயிரக்கணக்கான மின்கம்பங்கள் சாய்ந்தன. பல சிற்றூர்கள் நாள்கணக்கிலும் வாரக்கணக்கிலும் இருளில் கிடந்தன. நெய்வேலியின் அனல்மின் நிலையங்கள் இதே மாவட்டத்தில் இருந்தும், கம்பியற்ற ஊர்களுக்கு அவற்றால் பயன் இல்லாமற் போனது. 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையைக் கடந்த பெஞ்சல் புயலின்போது, அதனைத் தொடர்ந்த தென்பெண்ணை வெள்ளம் கடலூரின் தாழ்வான பகுதிகளைச் சூழ்ந்தது. இத்தகைய காலங்களில் மும்முனை இணைப்பின் நியூட்ரல் கம்பி மட்டும் அறுந்தால், ஒரு வீட்டுக்கு 230 வோல்ட்டுக்குப் பதிலாக 400 வோல்ட்டு வரை வரக்கூடும். இயக்கியின் முகப்பில் உள்ள வேரிஸ்டர் மின்னல் போன்ற கணநேர வீச்சுகளைத் தாங்குமே தவிர, தொடர்ந்து நிற்கும் மிகையழுத்தத்தைத் தாங்காது, சூடேறி எரியும். அதற்கு முன்னால் உருகி இருக்கிறதா என்பது ஆகவே சிறு செய்தி அன்று. வெள்ளத்தில் நனைந்த விளக்கை நல்ல நீரில் கழுவி, நாள்கணக்கில் உலர்த்தி, மெகரால் அளந்த பிறகே மின்னிணைப்புக்குக் கொண்டுவர வேண்டும். தானே உலர்ந்துவிட்டது என்று மாட்டினால், உள்ளே தங்கிய உப்பு அடுத்த ஈரக் காற்றில் மீண்டும் கடத்தத் தொடங்கும்.

புயல் கால அவசர விளக்குக்கு 12 வோல்ட்டு அமைப்பே பொருத்தமானது. 12 வோல்ட்டு பேட்டரி, அதன் முனையிலேயே ஓர் உருகி, மாறா மின்னோட்டம் தரும் சிறு இயக்கி, மூன்று 3 வோல்ட்டு சில்லுகள் தொடரில்: இவ்வளவே. மின்னதிர்ச்சிக்கு இடமில்லை. எனினும் காரீய அமிலப் பேட்டரி குறுக்குச்சுற்றில் நூற்றுக்கணக்கான ஆம்பியரைத் தரவல்லதாகையால், உருகியை விடுத்தால் கம்பி செந்தணலாகும். 1929 இல் தொடங்கப்பட்ட அண்ணாமலைப் பல்கலைக்கழகம் சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலை நகரில் உள்ளது. அதன் பொறியியல் புலத்திலும் வட்டாரக் கல்லூரிகளிலும் பயிலும் மாணவர்கள் தம் முதல் விளக்கை இத்தகைய 12 வோல்ட்டு அமைப்பாகச் செய்தல் விரும்பத்தக்கது. 230 வோல்ட்டு இயக்கியை ஆசிரியர் உடனிருக்க, இரண்டாம் ஆக்கமாக எடுத்துக்கொள்ளலாம்.

சிதம்பரத்தில் ஆனித் திருமஞ்சனமும் மார்கழித் திருவாதிரையும் தேர்த் திருவிழாக்கள். தமிழ்நாட்டுத் திருவிழாக்கள் எங்கும் காணப்படும் அலங்காரச் சர விளக்குகள் சிறப்பாகக் குறிப்பிடத்தக்கவை. ஒவ்வொரு சில்லும் 3 வோல்ட்டுதான் என்பதால் குழந்தைகளும் அச்சமின்றித் தொடுகின்றனர். ஆனால் 230 வோல்ட்டில் நேரே செருகப்படும் சரத்தில் தனிமைப்படுத்தல் பெரும்பாலும் இராது. தோல் உரிந்த ஒரே இடம் போதும். தொங்கவிடுவதற்கு முன் சரம் முழுவதையும் உலர்ந்த மேசையில் விரித்து, காப்பு கிழிந்த இடங்களையும் சில்லின் கால்கள் வெளித்தெரியும் இடங்களையும் தேடுதல் வேண்டும். மழை தூறும் மார்கழியில், இரும்புக் கம்பத்திலோ தகரக் கொட்டகையிலோ இத்தகைய சரங்களைச் சுற்றுதல் கூடாது. 12 அல்லது 24 வோல்ட்டு அடாப்டருடன் வரும் சரங்கள் சற்று விலை கூடினாலும் இவ்விடரை நீக்குகின்றன.

மீன்பிடிப் படகுகளில் 12, 24 வோல்ட்டு விளக்குகள் பயன்படுகின்றன. மீன்களைக் கவர்ந்திழுக்கும் எல்.ஈ.டி. விளக்குகளைப் பயன்படுத்தி மீன்பிடிப்பதை நடுவண் அரசு 2017 நவம்பரில் தடைசெய்தது என்பதால், படகுக்கென விளக்குச் செய்வோர் தளவிளக்கு, வழிகாட்டு விளக்கு ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

தரநிலைகள்

தன்னுள் இயக்கியைக் கொண்ட குமிழ் விளக்குகளுக்கு இந்தியத் தர அமைவனத்தின் ஐ.எஸ். 16102 தரநிலை பொருந்தும். அதன் முதற்பகுதி பாதுகாப்பையும் இரண்டாம் பகுதி செயல்திறனையும் பற்றியது. தனி இயக்கிகளின் பாதுகாப்பை ஐ.எஸ். 15885 (பகுதி 2, பிரிவு 13) கூறுகின்றது. 2014 ஆம் ஆண்டின் அறிவிப்பின்படி இவை கட்டாயப் பதிவுக்கு உட்பட்டன. பதிவுபெற்ற பொருளின் மேல் ஐ.எஸ். எண்ணும், ஆர் எனத் தொடங்கும் எட்டு இலக்கப் பதிவு எண்ணும் அச்சிடப்பட்டிருக்கும். குமிழ் விளக்கை 91 முதல் 95 விழுக்காடு ஈரப்பதமுள்ள பெட்டியில் 48 மணி நேரம் வைத்த பிறகே அதன் காப்புத்தடை 500 வோல்ட்டில் அளக்கப்படுகின்றது. குறைந்தது 4 மெகா ஓம் இருத்தல் வேண்டும். கடலூரின் அடைமழை நாள் ஒன்றுக்கு நிகரான நிலை இது என்பதால், வீட்டில் செய்யும் விளக்கையும் இதே 4 மெகா ஓம் எல்லையோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். உதிரியாக விற்கும் இயக்கிகள் பலவற்றில் எந்த எண்ணும் இருப்பதில்லை. அவற்றை மெகரால் அளக்காமல் உலோக உடலுள்ள விளக்கில் பூட்டலாகாது. உலோக உடல் எதுவாயினும் அதற்குப் புவியிணைப்புக் கம்பி தனியே தரப்பட வேண்டும்.